விடுமுறையில் ஒரு மழைமானி

ஏப்ரல் விடுமுறை நெருங்கும்போது கண்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பெற்றோரின் கைபேசிகளுக்கு விளம்பரங்கள் வரத் தொடங்கும். கோடிங், ரோபோட்டிக்ஸ், செயற்கை நுண்ணறிவு. நாலைந்து நாள் பயிற்சி, முடிவில் ஒரு சான்றிதழ். பிள்ளை வீட்டில் கைபேசியோடு கிடப்பதைவிட இது மேல் என்று நினைத்துப் பணம் கட்டும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முகாம் முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளையின் கையில் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வியை யாராவது கேட்டாக வேண்டும். ஒரு நாள் விளக்கு மினுக்கி, மறுநாள் சிறு மோட்டார் சுற்றி, மூன்றாம் நாள் தடை கண்டால் திரும்பும் வண்டி ஓட்டி, கடைசி நாளில் பலகைகளைப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டு வரும் பிள்ளைக்கு ஆர்வம் வரலாம், கைத்திறன் வராது. கண்டி மாவட்டத்துக் கம்பளையைப் போன்ற ஊரில் பதின்ம வயதினருக்கு இலத்திரனியலும் நிரலாக்கமும் சொல்லித்தரும் விடுமுறை முகாம் கட்டாயம் வேண்டும். அது ஊருக்குத் தேவையான ஒரே ஒரு கருவியை அடியிலிருந்து முடிவு வரை செய்து, ஊரிலேயே நிறுத்தி, வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் முகாமாக இருக்க வேண்டும். கம்பளைக்கு அந்தக் கருவி மழைமானி. இந்தக் கட்டுரை அதற்கான வாதம்.

பாடத்திட்டத்தில் இல்லாத எதையும் இந்த முகாம் புதிதாகக் கொண்டுவரப் போவதில்லை. இலங்கையின் உயர்தர தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைதன் மொழி இருக்கிறது. கருவிகளை வலையில் இணைக்கும் பொருட்களின் இணையம் என்ற பகுதியும் இருக்கிறது. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவே தனியாகத் தொடங்கப்பட்டது. காகிதத்தில் பார்த்தால் நம் பிள்ளைகள் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் பின்தங்கியவர்கள் இல்லை. ஆனால் இந்தப் பாடங்கள் பரீட்சையை நோக்கியே நகர்கின்றன. விடைத்தாளில் பென்சிலால் வரையப்படும் மின்சுற்றில் கம்பி கழன்று விழுவதில்லை, பற்றரி இறங்கிப் போவதில்லை. ஒரு பாடவேளை குறுகியது. அதற்குள் பெட்டியைத் திறந்து, சுற்றை இணைத்து, அது வேலை செய்யாமல் போய், ஏன் என்று தேடிக் கண்டுபிடித்து, மறுபடி இணைக்க நேரம் கிடைப்பதில்லை. தேடிக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி. பாடசாலைக்குள் வாய்க்காத அந்தப் பாதிக்கு இடம் தரக்கூடியது விடுமுறை மட்டுமே.

முகாம்களை நடத்துவோர் பெரும்பாலும் இந்தக் காரணத்தைச் சொல்வதில்லை. நிரல் எழுதக் கற்றால் பிள்ளையின் மூளை கூர்மையாகும், கணிதம் தானாக வரும், சிந்தனை ஒழுங்குபடும் என்கிறார்கள். இது பழைய நம்பிக்கை. 1967இல் அமெரிக்காவில் சிறுவர்களுக்கென்று லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கியவர்களில் சீமோர் பாப்பர்ட் முக்கியமானவர். ஜெனீவாவில் உளவியலாளர் பியாஜேயோடு வேலை செய்தவர் அவர். குழந்தை கணினிக்குச் சொல்லிக் கொடுக்கும்போது தன் சிந்தனையைத் தானே பார்க்கக் கற்றுக்கொள்கிறது என்று 1980இல் வெளியான தன் நூலில் வாதாடினார். அந்த நூல் உலகெங்கும் ஆசிரியர்களைக் கவர்ந்தது. ஆனால் நியூயோர்க்கின் பாங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ரோய் பீ, மிடியன் கர்லண்ட் என்ற இருவர் லோகோ படித்த பிள்ளைகளையும் படிக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திட்டமிடும் திறனில் படித்தவர்கள் முன்னே நிற்கவில்லை என்பதே 1984இல் அவர்கள் கண்ட முடிவு. பல வருடம் கழித்துப் பெரு நாட்டின் கிராமப்புறத்தில் 319 ஆரம்பப் பாடசாலைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மலிவு மடிக்கணினிகள் கொடுக்கப்பட்ட பாடசாலைகளிலும் கணிதம், மொழித் தேர்வுகளின் மதிப்பெண் உயரவில்லை என்று 2012இல் வெளியான அறிக்கை சொன்னது. நிரலையோ கருவியையோ கொடுத்தால் கல்வி தானாக வரும் என்ற எண்ணத்துக்கு இவை இரண்டும் நேரான பதில்.

இந்த முடிவுகளை முகாம்களுக்கு எதிரான சாட்சியாகக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு அவை வேறொன்றைச் சொல்கின்றன. நிரலாக்கம் எல்லா அறிவையும் திறக்கும் பொதுச் சாவியாக இல்லையென்றால், எதைச் செய்யக் கற்றுக் கொடுக்கிறோம் என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது. பொம்மை வண்டி செய்யக் கற்றவர் பொம்மை வண்டியில் தேறுவார். மழையை அளக்கக் கற்றவர் மழையைப் பற்றியும் அளவையைப் பற்றியும் தேறுவார். பாப்பர்ட் சொன்னதில் அசையாமல் நிற்கும் பகுதியும் இங்கேதான் பொருந்துகிறது. பாடசாலையில் விடை சரியா பிழையா என்று கேட்கிறோம், பிழை என்றால் அதோடு முடிந்தது. நிரலில் பிழை என்பது இன்னும் முடியாத வேலை. எங்கே என்று தேடித் திருத்தலாம். இந்தப் பழக்கம் ஒரு பிள்ளைக்குள் இறங்க வேண்டுமென்றால், திருத்தாமல் விட்டால் நஷ்டம் உண்டாகும் ஒரு பொருள் அதன் கையில் இருக்க வேண்டும். அலமாரிக்குள் போகப்போகும் வண்டிக்கு அந்தப் பாரம் இல்லை.

ஏன் மழைமானி என்று கம்பளையில் இருப்பவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது அறுநூறுக்கும் அதிகமான உயிர்கள் போயின. மாவட்டங்களில் அதிகம் பறிகொடுத்தது கண்டி. மகாவலி ஆறு ஏறிக் கம்பளை நகருக்குள் புகுந்தது. சுற்றியுள்ள சரிவுகளில் மண் இறங்கியது. மின்சாரமும் தொலைபேசியும் போன இடங்களில் அடுத்த மலையில் என்ன நடந்தது என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற குறையும் அப்போது பலமாக எழுந்தது. மண்சரிவு எச்சரிக்கையின் அடிப்படை மழையின் அளவு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு எல்லைகளை வகுத்து வைத்திருக்கிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழித்திருக்க வேண்டும், 100 தாண்டினால் ஆயத்தமாக வேண்டும், 150 தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ இடத்தை விட்டு வெளியேற வேண்டும். சிக்கல் என்னவென்றால் மலைநாட்டில் மழை ஒரே சீராகப் பெய்வதில்லை. தொலஸ்பாகைப் பக்கம் கொட்டித் தீர்க்கும் நேரத்தில் கம்பளை நகரத்தில் தூறலாக இருக்கலாம். புசல்லாவையில் வேறொரு கணக்கு. நிறுவனத்தின் தானியங்கி மழைமானிகள் இருக்கின்றன, ஆனாலும் ஒவ்வொரு சரிவுக்கும் ஒன்று என்ற அளவுக்கு எந்த அரசாலும் வைக்க முடியாது. ஒரு பாடசாலைக்கு ஒன்று என்றால் முடியும்.

இந்தக் கருவியின் வயிற்றுக்குள் இருப்பதைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்க்கலாம். மேலே ஒரு புனல். அதன் வாய் 16 சென்ரிமீற்றர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு ஏறக்குறைய 201 சதுர சென்ரிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அதற்குள் விழும் நீர் 20 மில்லிலீற்றர். புனலின் அடியில் சீசோ பலகை போல நடுவில் அச்சு வைத்த இரட்டைத் தொட்டி. ஒரு பக்கத்தில் 4 மில்லிலீற்றர் சேர்ந்ததும் அது கவிழ்ந்து நீரைக் கொட்டும், மறு பக்கம் புனலின் கீழே வந்து நிற்கும். அப்படியானால் ஒரு கவிழ்ப்பு 0.2 மில்லிமீற்றர் மழை. தொட்டியில் ஒட்டிய சிறு காந்தம் ஒவ்வொரு கவிழ்ப்பிலும் ரீட் சுவிட்ச் என்ற கண்ணாடிக் குழலைக் கடக்கும்போது உள்ளே இருக்கும் இரண்டு உலோக நாக்குகள் ஒட்டிப் பிரியும். நுண்கட்டுப்படுத்திப் பலகை அதை ஒன்று என்று எண்ணும். 150 மில்லிமீற்றர் என்ற அபாய எல்லை 750 கவிழ்ப்பு. ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் 375 கவிழ்ப்பு, அதாவது பத்து செக்கனுக்கும் குறைவான இடைவெளியில் ஒன்று. தரம் 9 கணிதத்துக்கு மேல் இதில் எதுவும் இல்லை. ஆனால் வட்டத்தின் பரப்பளவு எதற்கு என்று இதுவரை கேட்ட பிள்ளைக்கு, ஊர் எப்போது வெளியேற வேண்டும் என்ற எண் அந்தச் சூத்திரத்தில் இருந்து வருகிறது.

செய்து முடித்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் முதல் நாளே கணக்கு தப்பும். தொட்டி ஒரு முறை கவிழ்ந்தால் பலகை மூன்று, நான்கு என்று எண்ணும். உலோக நாக்குகள் ஒட்டும்போது ஒரே அடியில் ஒட்டாமல் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சில தடவை துள்ளுகின்றன. பலகையோ செக்கனுக்கு ஆயிரக்கணக்கான முறை பார்த்துக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு துள்ளலும் அதற்கு ஒரு மழை. இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. சுவிட்சுக்குக் குறுக்கே ஒரு கொள்ளளவியைப் போட்டு மின்னழுத்தத்தை ஆறப்போடலாம். அல்லது நிரலில் ஒரு வரி எழுதி, முதல் தொடுகைக்குப் பிறகு பத்தில் ஒரு செக்கன் வரை வருவதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் விடலாம். கடும் மழையிலும் இரண்டு கவிழ்ப்புகளுக்கு நடுவே ஒன்பது செக்கனுக்கு மேல் இருப்பதால் அந்தப் பத்தில் ஒரு செக்கனில் எந்த மழையும் தவறிப்போகாது என்று பிள்ளையே கணக்குப் போட்டுச் சொல்லலாம். ஒரே கோளாறை இரும்பாலும் தீர்க்கலாம், எழுத்தாலும் தீர்க்கலாம் என்று கண்ட பிள்ளை இலத்திரனியலும் நிரலாக்கமும் ஏன் ஒரே முகாமில் இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொள்ளும்.

இதைவிட ஆழமான பாடம் அடுத்தது. தொட்டி கவிழ அரைச் செக்கன் போல ஆகும். அந்த நேரத்தில் விழும் நீர் ஏற்கனவே நிரம்பிய பக்கத்துக்கே போய்க் கொட்டுப்பட்டுவிடும். தூறலில் இது ஒரு பொருட்டில்லை. அடைமழையில் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். எந்த நேரத்தில் அதை நம்பி உயிர் இருக்கிறதோ அந்த நேரத்தில்தான் அது பிசகும். ஆகவே 400 மில்லிலீற்றர் தண்ணீரை அளந்து, மருந்துக் கடையில் கிடைக்கும் சேலைன் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்க வேண்டும்: நூறு கவிழ்ப்பு வருகிறதா? பிறகு ஒன்றரை லீற்றரை ஒரு மணித்தியாலத்தில் முடியும்படி வேகமாக விட வேண்டும், 375 வராது. எவ்வளவு குறைகிறது என்று எழுதி, நிரலில் திருத்தம் போட்டு, மறுபடி ஊற்ற வேண்டும். பக்கத்தில் நேர்ச்சுவருள்ள சாதாரணப் போத்தல் ஒன்றை வைத்து, வளிமண்டலவியல் திணைக்களம் அளக்கும் அதே காலை 8.30க்கு அளவுகோலால் அளந்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். கருவி காட்டுகிற எண்ணை அப்படியே நம்பாத மனம் இப்படித்தான் உண்டாகும். எண்கள் மலிந்துபோன இந்தக் காலத்தில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பயனுள்ள கல்வி எனக்குத் தெரியாது.

இப்படி ஒன்றைப் பெரிய அளவில் நடத்த முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கேரளம் பக்கத்தில் இருக்கிறது. அங்கே 2018இல் லிட்டில் கைட்ஸ் என்ற பெயரில் அரச, அரச உதவி பெறும் உயர்நிலைப் பாடசாலைகளில் கணினி மன்றங்கள் தொடங்கப்பட்டன. இன்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலைகளில் அவை இயங்குகின்றன. எட்டாம் வகுப்பில் திறனாய்வுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். பத்தாம் வகுப்பு வரை அதே குழு தொடர்கிறது. விடுமுறை முகாம் அந்த மூன்று வருட ஓட்டத்தில் ஒரு படி மட்டும்: பாடசாலை முகாமில் தேறியவர்கள் உபமாவட்டத்துக்கும் அங்கிருந்து மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் போகிறார்கள். அதே பாடசாலை ஆசிரியர்களே பயிற்சி பெற்றுப் பொறுப்பாளர்களாக இருக்கிறார்கள். மென்பொருள் எல்லாம் கட்டற்றது, பாட நூல் மலையாளத்தில். ஆர்டுயினோ என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகைகள் கொண்ட பெட்டிகள் பாடசாலைகளுக்கு ஆயிரக்கணக்கில் வழங்கப்பட்டன. 2025இல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ரோபோட்டிக்ஸ் பாடமாகவே வந்துவிட்டது. இதில் நமக்கு வேண்டியது பெட்டிகளின் எண்ணிக்கை இல்லை. முகாமுக்கு முன்னும் பின்னும் ஒரு மன்றம் இருந்தது, ஆசிரியர் ஊரிலேயே இருந்தார், பிள்ளைக்குப் புரியும் மொழியில் எல்லாம் இருந்தது; வெறுமனே கருவியைக் கொடுத்துவிட்டுப் போனால் கிடைக்காதவை இவைதான்.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.ரி. ஹப் அமைப்பு பத்து வருடத்துக்கு மேலாக இளைஞர்களுக்கான தொழில்நுட்பப் போட்டிகளை நடத்துகிறது, பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று தனியாகவும் நடத்துகிறது. போருக்குப் பிந்திய ஊரில் தமிழ்ப் பிள்ளைகள் மேடையேறித் தங்கள் ஆக்கத்தை விளக்கிய அந்த முயற்சியின் மதிப்பு பெரியது. ஆனால் போட்டி என்ற வடிவம் கம்பளைக்கு முதல் படியாகப் பொருந்தாது. வெல்லும் பிள்ளையைக் கண்டுபிடிக்கப் போட்டி உதவும். இங்கே கண்டுபிடிக்க வேண்டியது ஒரு சரிவில் எவ்வளவு மழை என்பதை. அதற்குப் பத்துப் பாடசாலைகளும் ஒரே மாதிரிக் கருவியை, ஒரே அளவையில், ஒன்றையொன்று சரிபார்த்தபடி வைத்திருக்க வேண்டும். புசல்லாவைப் பிள்ளையின் கணக்குச் சரியாக இருப்பதில் கம்பளைப் பிள்ளைக்கு அக்கறை வருகிற வேலை இது.

மொழியைப் பற்றித் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நிரல் ஆங்கிலத்தில்தானே எழுதுகிறோம், பிறகு பயிற்சி எதற்குத் தமிழில் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நிரல் மொழியில் ஒரு தொடக்கப் பிள்ளைக்குத் தேவைப்படும் ஆங்கிலச் சொற்கள் இருபதோ முப்பதோ. அவற்றை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். ஏன் வேலை செய்யவில்லை என்று யோசிப்பதும், பக்கத்தில் இருப்பவரோடு தர்க்கம் செய்வதும், பிழையைப் பற்றிய சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்வதும் தாய்மொழியில் நடக்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளை சந்தேகத்தைக் கேட்காது. கேட்காத பிள்ளையை மந்தம் என்று எழுதிவிடுகிறோம். தமிழில் நூல்கள் இல்லை என்பதும் இன்று பழைய சாட்டு. கணியம் அறக்கட்டளை எளிய தமிழில் என்ற வரிசையில் லினக்ஸ் தொடங்கிப் பல கணினி நூல்களை இலவச மின்னூலாகத் தந்திருக்கிறது. அந்த வரிசையில் இரா. அசோகன் ரோபோட்டிக்ஸ் பற்றியும் பொருட்களின் இணையம் பற்றியும் எழுதியிருக்கிறார். கம்பளையில் இன்னொரு கடமையும் சேர்ந்துகொள்கிறது. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் போய் வெவ்வேறு பாடசாலைகளில் இறங்குகிற ஊர் இது. மழைமானியின் திரையில் எச்சரிக்கை இரண்டு மொழியிலும் வர வேண்டும் என்பதால், அதைச் செய்யும் மேசையிலும் இரண்டு மொழிப் பிள்ளைகளும் உட்கார வேண்டும்.

சொல்லித் தருவது யார்? பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 1964இல் இருந்து கம்பளைக்கு அதிக தூரமில்லாத இடத்தில் இருக்கிறது. மலையகத்தில் இருந்து அங்கே போன மாணவர்கள் விடுமுறையில் தங்கள் ஊருக்குத்தான் வருகிறார்கள். அவர்களைவிட முக்கியமான ஆட்கள் நகரத்துக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பது என் எண்ணம்: கைபேசி திருத்தும் கடை இளைஞர்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே அரிசி முனையளவு பாகத்தைச் சூடு காட்டிக் கழற்றி மாற்றும் கை அவர்களுடையது. மல்டிமீற்றரை வைத்து எங்கே மின்சாரம் நின்றுவிட்டது என்று படிப்படியாகத் தேடும் முறை அவர்களுக்குத் தினசரி வேலை. பட்டம் இல்லாததால் பாடசாலைகள் அவர்களை வகுப்புக்குள் கூப்பிடுவது அரிது. ஒரு பொறியியல் மாணவரும் ஒரு திருத்தக் கடைக்காரரும் ஒரு விஞ்ஞான ஆசிரியரும் சேர்ந்து நிற்கும் மேசையில் பிள்ளை கற்பது மின்சுற்றை மட்டும் இல்லை. அறிவு எங்கெங்கே இருக்கிறது என்பதையும்.

விடுமுறையில் ரியூஷன் வகுப்பைவிட்டு இதற்கு வர வேண்டுமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. உயர்தரப் பரீட்சை ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றும் நாட்டில், தோட்டத்தில் கொழுந்து பறித்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாயிடம் பரீட்சை பெரிதில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால்தான் முகாமைத் தரம் 8, 9, 10 பிள்ளைகளுக்கு வைக்க வேண்டும் என்கிறேன். உயர்தரத்துக்குள் போனவர்களை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட வேண்டும். கட்டணம் வாங்கக் கூடாது. நாளுக்கு ஆறு மணித்தியாலம், பத்து நாள் போதும். செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதிவிடுகிற காலத்தில் இது எதற்கு என்ற கேள்வி அதைவிடப் புதியது, அதைவிட எளிதாகப் பதில் சொல்லக்கூடியது. துள்ளலை ஒதுக்கும் அந்த ஒரு வரியை இயந்திரம் கணத்தில் எழுதித் தரும், உண்மைதான். துள்ளல் என்று ஒன்று நடக்கிறது என்று சந்தேகப்பட வேண்டியவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை. புனலுக்குள் எறும்பு புற்று வைத்ததையும், காந்தம் அரை விரற்கடை விலகியதையும், பக்கத்து மரக்கிளை மழையை மறைப்பதையும் கூரைக்கு மேலே ஏறிப் பார்க்கிற ஆள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் செய்த கருவியை நம்பி ஊரை எழுப்பலாமா, பிழையான எச்சரிக்கை இரண்டு முறை வந்தால் மூன்றாவதை யார் மதிப்பார்கள் என்று அனர்த்த முகாமைத்துவத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். வெளியேறு என்று சொல்லும் அதிகாரம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமும் பிரதேச செயலகத்திடமும் இருக்க வேண்டும். பாடசாலை மழைமானி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எச்சரிக்கை மேலிருந்து கீழே வந்தால் மட்டும் போதும் என்று எண்ண நமக்கு வரலாறு இடம் தரவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை மாற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. அறிவு அலுவலகத்தில் இருந்தது; மாற்று நிலமும் வீடும் வரவில்லை; அன்று மண் இறங்கியபோது மக்கள் அங்கேயே இருந்தார்கள். நிலம் கொடுப்பது மழைமானியால் ஆகாது, அது அரசும் தோட்டக் கம்பனிகளும் தீர்க்க வேண்டிய கடன். அந்தக் கடன் தீரும் வரைக்கும், 100 தாண்டிவிட்டது, இன்று இரவு பாடசாலைக் கட்டடத்தில் படுப்போம் என்று சொல்ல ஓர் எண் வேண்டும். அந்த எண்ணைத் தன் மகள் அளந்தாள் என்றால் அதற்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை வேறு.

இந்த நோக்கம் முகாமின் வடிவத்தையே தீர்மானிக்கிறது. புயல் நாளில் மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் முதலில் போகும் என்பதால் கருவி பற்றரியிலும் சிறு சூரியத் தகட்டிலும் ஓட வேண்டும். இணையம் இல்லாமலே எண்ண வேண்டும். அதன் மணி அங்கேயே ஒலிக்க வேண்டும். பிறகு செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கோயில் மணியும் விகாரையும் எடுத்துச் செல்லும். ஏப்ரலில் முகாம் நடந்தால் மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும்போது கருவி கூரையில் இருக்கும். அரநாயக்கையில் மலை இறங்கியது 2016 மே மாதத்தில் என்பதை நினைத்தால் இந்த நாட்கணக்கின் அவசரம் விளங்கும். முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறை நோன்பு மாதத்தை ஒட்டி அமைவதால் மூன்று வகைப் பாடசாலைகளுக்கும் பொதுவான நாட்களை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் திகதி போட்டால் ஊரில் ஒரு பகுதிப் பிள்ளைகள் வராமலே போவார்கள். தோட்டப் பிள்ளைகள் வருவது பஸ்ஸைப் பொறுத்தது. கம்பளை நகரத்தில் மண்டபம் பிடித்து நடத்தினால் நகரப் பிள்ளைகளே நிறைவார்கள். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணினி அறிவுக் கணக்கெடுப்புகளில் தோட்டத் துறை எப்போதும் கடைசியில் நிற்பதற்கு இப்படிப்பட்ட ஏற்பாடுகளும் ஒரு காரணமாக இருக்கலாம். மேலே உள்ள பாடசாலைகளில் முகாமை வைத்து நகரப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவதே முறை. மூன்று மணிக்கு முடித்தால் பெண் பிள்ளைகளை அனுப்ப வீடுகள் தயங்காது.

செலவைப் பற்றி மலைக்க வேண்டாம். 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரத்தில், பொறியியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் வாங்கிப் பழகட்டும் என்றுதான் ஆர்டுயினோ பலகையே செய்யப்பட்டது. அதன் வரைபடம் எல்லோருக்கும் திறந்திருப்பதால் மலிவான பிரதிகள் கொழும்பில் தாராளமாகக் கிடைக்கின்றன. புனல் சமையல் பாத்திரக் கடையில் உண்டு. இரட்டைத் தொட்டியைப் பிளாஸ்ரிக் தகட்டில் வெட்டி ஒட்டலாம். பணம் தேவைப்படுவது முகாமுக்குப் பிறகு, அதைத்தான் யாரும் ஒதுக்குவதில்லை. பற்றரி இரண்டு வருடத்தில் சோர்ந்துவிடும். ரீட் சுவிட்சின் காலில் துரு ஏறும். புனலை மாதம் ஒரு முறை துடைக்க வேண்டும், வருடம் ஒரு முறை 400 மில்லிலீற்றர் ஊற்றிச் சரிபார்க்க வேண்டும். இந்த வேலைகளுக்கு ஒவ்வொரு பாடசாலையிலும் விஞ்ஞான மன்றத்துக்கு ஒரு கொப்பியும் ஒரு பொறுப்பாசிரியரும் ஒரு சிறு தொகையும் வேண்டும். தரம் 10 முடித்துப் போகிற பிள்ளை அடுத்த முகாமில் தரம் 8 பிள்ளைக்குக் கருவியைத் திறந்து காட்டி ஒப்படைக்க வேண்டும். பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாட்டில் இருக்கும் கம்பளைக்காரர்களும் கணினி அறை கட்டித் தர முன்வரும்போது, பாடசாலை அதிபர்கள் அவர்களிடம் ஐந்து வருடப் பற்றரிச் செலவைக் கேட்டு வாங்கட்டும்.